லிவோர்னோவில் இறங்காத நாள்

இத்தாலியில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்பவர்களிடம் நான் கடலைமாவு தோசையிலிருந்துதான் ஆரம்பிப்பேன். சிகந்திராபாத்தை ஒட்டிய லோத்குண்டாவில் எங்கள் வரிசை வீடுகளில் அந்தக் கதையைக் கேட்காதவர்கள் கிடையாது. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள், வந்த விருந்தாளிகளுக்குக் காப்பி கொடுத்த கையோடு, "மீ ஓட கத செப்பண்டி" என்று என்னைக் கிளப்பிவிடுவாள். கப்பல் கதையைச் சொல்லுங்கள் என்கிறாள். எனக்கென்ன, வாய் இருக்கிறது, சொல்வேன். ஆனால் தோசை தின்று முடித்த இடத்தில் நிறுத்திவிடுவேன். அதற்கு மேல் நடந்ததை யாரிடமும் சொன்னதில்லை.

நான் பிறந்தது பக்கத்திலிருக்கிற திருமுல்கேரியில். எங்கள் ஆட்கள் வேலூர்ப் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். எட்டாவது வரை தெலுங்கில் படித்தேன். தமிழ், வாரப் பத்திரிகைகளை எழுத்துக் கூட்டிப் படித்து நானாகக் கற்றுக்கொண்டது. அதனால் என் எழுத்தில் பேச்சு கலந்துதான் வரும். வீட்டுக்காரர் திருநெல்வேலி. பாலாநகரில் விமானங்களுக்கு மின்னணுக் கருவி செய்கிற தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவு. அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஒரு பெட்டி வாசலைத் தாண்டும். வீட்டிலும் அதே உத்தியோகம்தான். நான் அடுப்பை அணைத்தால் அவர் வந்து குமிழைத் திருகிப் பார்த்துவிட்டுப் போவார்.

என் தம்பி ஓர் உல்லாசக் கப்பலில் மின்சாரப் பிரிவு அதிகாரி. இத்தாலியத் துறைமுகங்களைத் தொட்டுக்கொண்டு கிரேக்கத் தீவுகள் வரை போய்த் திரும்புகிற கப்பல், சுற்றுக்குப் பத்து நாள். அதிகாரிகள் தங்கள் வீட்டு ஆட்களைக் கொஞ்ச நாள் கூட வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருந்தது. "ரெண்டு சுத்து வந்துட்டுப் போங்க அக்கா, மாமாவுக்குத்தான் லீவு குமிஞ்சு கெடக்குதே" என்று எழுதினான். எண்பதுகளின் நடுவில், இவர் ஓய்வு பெற மூன்று வருடம் இருக்கும்போது, கிளம்பினோம்.

வெளிநாடு போக அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். அனுமதியோடு ஒரு சுற்றறிக்கையும் கொடுத்தார்கள். வெளிநாட்டார் யாராவது வந்து பழகினால் திரும்பி வந்ததும் தெரிவிக்க வேண்டும், அறிமுகமில்லாதவர்களிடம் பொட்டலம் எதுவும் வாங்கக் கூடாது. எல்லாருக்கும் கொடுப்பதுதான். எல்லாரும் மடித்துப் பெட்டியில் வைப்பார்கள். இவர் மூன்று நாள் சாயங்காலம் எனக்கு அதை வாசித்துக் காட்டினார். நாலாவது நாள் சட்டைப்பையில் வைக்கிற மாதிரி ஒரு சின்ன நோட்டு வாங்கி வந்தார்.

ஜெனோவாவில் கப்பல் ஏறினோம். கடலை ஒட்டி மலை. மலை முழுக்க வீடுகள், கொலுப்படி மாதிரி ஒன்றின் தலையில் ஒன்று. ஒவ்வொரு ஜன்னலிலும் துணி காய்கிறது. எனக்குப் பார்க்கப் பார்க்க ஆசை தீரவில்லை. இவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அம்புட்டு ஒசரத்துக்குத் தண்ணி எப்படில்லா ஏறும்?" என்றார். அன்றைக்கு முழுக்க அதே கவலை.

மறுநாள் காலை லிவோர்னோ. மற்றப் பயணிகள் எல்லாரும் பேருந்துகளில் ஏறி உள்நாட்டில் இருக்கிற பெரிய ஊரைப் பார்க்கப் போய்விட்டார்கள். நாங்களும் தம்பியும் துறைமுகக் கதவைத் தாண்டி ஊருக்குள் நடந்தோம். தெருவுக்குத் தெரு வாய்க்கால். நம் ஆட்கள் வாசலில் ஸ்கூட்டர் நிறுத்துகிற மாதிரி அவர்கள் வீட்டுக்குக் கீழே படகு கட்டியிருக்கிறார்கள். ஒரு சந்தில் விறகடுப்பு வாசனை வந்தது. சின்னக் கடை. அடுப்புக்குள்ளிருந்து வண்டிச்சக்கரம் அகலத்துக்கு ஒரு செம்புத் தட்டை நீளக் கரண்டியால் இழுக்கிறார்கள். அதில் மஞ்சளாக, ஓரம் மட்டும் முறுகலாக, ஒற்றைத் தோசை.

"கடலைமாவு, தண்ணி, எண்ணெய், உப்பு. முட்டை கெடையாது மாமா, தைரியமா சாப்பிடுங்க" என்றான் தம்பி. இவர் முதலில் மோந்து பார்த்தார். பிறகு ஒரு மூலையில் உட்கார்ந்து மூன்று துண்டு சாப்பிட்டார்.

கல்லாவுக்குப் பின்னால் இருந்த கிழவி என் புடவையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுபது வயது இருக்கும். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து முந்தானையை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்து, "இந்தியா?" என்றாள். ஆமாம் என்பதற்கு எனக்கு ஊர்ப் பழக்கத்தில் "ஹவ்" என்று வந்துவிட்டது. தலையையும் ஆட்டியதால் அவளுக்குப் புரிந்தது. உள்ளே ஓடினாள். திரும்பி வரும்போது கையில் ஒரு கடித உறை, ஒரு போட்டோ. உறையின் பின்பக்கம் அனுப்பியவர் விலாசத்தைப் படித்தேன். சிகந்திராபாத். நான் வாரம் தவறாமல் பேருந்தில் தாண்டிப் போகிற கன்னியர் மடம் அது. போட்டோவில் வெள்ளை உடுப்பில் ஒரு கன்னியாஸ்திரி, பின்னால் நம் ஊர்க் கருங்கல் சுவர்.

தம்பி மொழிபெயர்த்தான். ஒரே மகள். இருபத்திரண்டு வயதில் இந்தியாவுக்குப் போனவள், இத்தனை வருடத்தில் ஒரே ஒரு தடவை வந்தாள். மகளுக்கு அனுப்பிய இரண்டு தபால் பொட்டலங்கள் போய்ச் சேரவில்லை. கல்லாவுக்குக் கீழேயிருந்து ஒரு கூடையை எடுத்துக் காட்டினாள். கறுப்புக் கம்பளி நூலில் காலுறை. ஒன்று முடிந்திருந்தது, இன்னொன்று குதிகால் வரை வந்திருந்தது.

"சிகந்திராபாத்துல கம்பளியா? கால் வெந்துபோகும்னு சொல்லட்டுமா?" என்று என்னிடம் சிரித்தான் தம்பி.

சொல்லவும் சொன்னான். கிழவி கோபித்துக்கொள்ளவில்லை. விடியற்கால ஜெபத்துக்குக் கல்தரையில் நிற்கும்போது பாதம் சில்லிடுகிறது என்று மகள் எப்போதோ ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறாளாம். தன் கண் மங்கிக்கொண்டு வருகிறது, இதற்குமேல் பின்ன முடியாது, இதுதான் கடைசி ஜோடி என்றாள். பத்து நாளில் கப்பல் திரும்பி வரும் என்று கேட்டதும் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா. அதற்குள் முடித்துவிடுவாளாம், நான் எடுத்துப் போய்க் கொடுப்பேனா என்று கேட்டாள். நான் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "கண்டிப்பா கொடுப்பேன்மா" என்றேன். அதைத் தம்பி மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. என் நெற்றிக் குங்குமத்தைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தாள். "இந்தச் சிவப்ப வச்சு உங்கள எத்தனை கூட்டத்துலயும் கண்டுபிடிச்சுடுவாங்களாம்" என்றான்.

தெருவுக்கு வந்த பிறகுதான் இவருக்கு விஷயம் தெரிந்தது. நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

"பொட்டலத்துக்குள்ள என்ன இருக்குன்னு ஒனக்குத் தெரியுமா?"

"காலுறைங்க."

"பின்னுறத நீ பாத்தியா?"

"பாத்தேன். பாதி பாத்தேன்."

"மிச்சப் பாதில என்னத்த வைப்பான்னு யாரு கண்டா?"

"மாமா, சாக்ஸுக்குள்ள ரேடாரா வைப்பாங்க?" என்றான் தம்பி.

"மாப்ளே, நீரு சும்மா இரியும். நீரு கப்பல்காரரு, ஒமக்கு ஒண்ணுமில்ல. மூணு வருசம் பாக்கி எனக்கு."

அன்று மத்தியானமே நோட்டை எடுத்து எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். 'லிவோர்னோ. கடலைமாவு அப்பக் கடை அம்மாள், வயது சுமார் எழுபது. மகள் சிகந்திராபாத்தில் கன்னியாஸ்திரி. பொட்டலம் தர விருப்பம் தெரிவித்தார். மறுக்கப்பட்டது.'

"இன்னும் மறுக்கலையேங்க" என்றேன்.

"மறுக்கப் போறோம்லா" என்றார்.

இந்த வழக்கு தீராமலேதான் மற்ற ஊர்களைப் பார்த்தேன். நேப்பிள்ஸில் ஒரு பேப்பர் கடைக்காரனும் காப்பிக் கடைக்காரனும் வாயாலும் கையாலும் சண்டை போட்டார்கள். வெட்டுக்குத்து நடக்கப் போகிறது என்று நான் ஒதுங்கினால், இரண்டு பேரும் கன்னத்தில் முத்தம் கொடுத்துக்கொண்டு பிரிந்தார்கள். சிகந்திராபாத் ஸ்டேஷன் ஆட்டோக்காரர்கள் முத்தம் மட்டும்தான் கொடுக்கமாட்டார்கள், மற்றதெல்லாம் அச்சு அப்படியே. எரிமலையைத் தம்பி காட்டினான். "நம்மூரு மௌலாலி குன்ற விடக் கொஞ்சம் பெருசு. மேல ஒரு தர்கா கூட இல்ல" என்றார் இவர். மெசினாவில் மாதாகோயில் மணிக்கூண்டில் மத்தியானம் பன்னிரண்டுக்குப் பொன்னிறச் சிங்கப் பொம்மை ஒன்று கர்ஜிக்கும், சேவல் ஒன்று கூவும். ஊரே வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து நிற்கிறது. நானும் நின்றேன். ஆனால் மனசுக்குள் கணக்கு வேறாக ஓடியது. இன்றைக்கு இரண்டாவது காலுறை பாதம் வரை வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இவரை நான் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவர் பயந்த சுபாவக்காரர், கெட்டவர் இல்லை. ஒரு கையெழுத்துத் தவறாகப் போய்விடுமோ என்று முப்பது வருடம் வாழ்ந்தவர். கிரேக்கத் தீவுகளில் நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து அவருக்கே மனசு கேட்காமல், "வேணும்னா தபால்ல அனுப்பச் சொல்லு, தபால்னா நமக்குச் சம்பந்தம் இல்ல" என்றார். தபாலில் போய்ச் சேரவில்லை என்பதுதானே அவள் முறையீடே.

பத்து நாள் கழித்துத் திரும்பவும் லிவோர்னோ. தம்பிக்கு அன்று கீழே இயந்திர அறையில் வேலை. "நீ எறங்கினா வாங்கிடுவ. ஒன்ன எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு இவர் அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். கதவைப் பூட்டவில்லை. என் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் பல தடவை, அவர் விடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏணிப்படி திறந்திருந்தது. நான் இறங்கியிருக்கலாம்.

இறங்கிப் போய் முடியாது என்று சொல்ல முகம் இல்லை. வாங்கிக்கொண்டு வந்தால் மனிதர் மூன்று வருடம் தூங்கமாட்டார். இரண்டும் முடியாமல் மேல்தளத்துக்குப் போனேன். அவள் வந்திருக்கிறாளா என்று பார்க்க ஆசை. வந்திருக்கக் கூடாதே என்று வேண்டுதலும்.

வந்திருந்தாள். துறைமுக இரும்புக் கம்பிக் கதவுக்கு வெளியே, தலையில் துணி கட்டிக்கொண்டு, கையில் பழுப்புக் காகிதம் சுற்றிய சின்னப் பொட்டலத்தோடு நின்றாள். இறங்கிப் போகிற ஒவ்வொரு கூட்டத்திலும் நெற்றி நெற்றியாகப் பார்த்தாள். காவல்காரனிடம் பொட்டலத்தை நீட்டி ஏதோ கேட்டாள். அவன் தலையை ஆட்டி மறுத்தான். வெயில் ஏறியது. ஒரு பெஞ்சில் உட்காருவாள், ஆள் வருகிற மாதிரித் தெரிந்தால் எழுந்து விடுவாள்.

ஒரு சமயம் அண்ணாந்து கப்பலைப் பார்த்தாள். நான் மஞ்சள் புடவை கட்டியிருந்தேன். பொட்டலத்தைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். என் கை பாதி எழுந்தது. அப்புறம் என்ன வந்ததோ, முந்தானையை இழுத்துத் தலையோடு முகத்தையும் மூடிக்கொண்டு அங்கிருந்த மரப்பலகையில் உட்கார்ந்துவிட்டேன். கப்பல் சங்கு ஊதுகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் தம்பி மேலே வந்ததும், "பொட்டலம் எங்கக்கா?" என்றான். சொன்னேன். அவன் என்னை அடித்திருந்தால் கூடப் பரவாயில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேற ஆள அனுப்பியாவது வாங்கி வச்சிருப்பேனே. கைக்கு அக்கா, கைக்கு?" என்றான். ஏன் என்று எங்கள் ஊர்ப் பேச்சில் கேட்கிறான். எனக்கு அந்த யோசனையே வரவில்லை. ஜெனோவா வரைக்கும் அவன் மாமாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவனுக்கு அதுதான் அந்தக் கப்பலில் கடைசிச் சுற்று. மறுமாதம் வேறு கடலில் ஓடுகிற கப்பலுக்கு மாற்றிவிட்டார்கள்.

ஊருக்கு வந்தோம். கையை வீசிக்கொண்டாவது மடத்துக்குப் போய், உங்கள் அம்மாவைப் பார்த்தேன், நன்றாயிருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். லோத்குண்டாவிலிருந்து சிகந்திராபாத் போகிற பேருந்து அந்தக் கருங்கல் சுவரை உரசிக்கொண்டுதான் போகும். ஒவ்வொரு தடவையும் அடுத்த வாரம் இறங்கலாம் என்று நினைப்பேன். காய்கறிப் பையோடு போக வேண்டாம், வெறுங்கையோடு போக வேண்டாம், செவ்வாய்க்கிழமை வேண்டாம். இப்படியே மூன்று வருடம் ஓடியது.

இவர் ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் தேநீர் விருந்து. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அவருடைய மேலதிகாரி, மதராஸ்காரர், சமோசாவைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "இவர் இத்தாலி போயிட்டு வந்து கொடுத்த அறிக்கை இருக்கே, ஆறு பக்கம். கப்பல்ல தண்ணி ஊத்தினவன் பேர் வரைக்கும் எழுதியிருந்தார் சார். நாங்க வாசிச்சு வாசிச்சுச் சிரிச்சோம்." எல்லாரும் சிரித்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தணித்து, "அதுல ஒரு பாட்டியம்மா வருமே, மகளுக்குக் காலுறை கொடுத்தனுப்ப வந்தவங்க. ஏம்மா, அத வாங்கிட்டு வந்து என் மேஜையில பிரிச்சுக் காட்டியிருந்தா ஆச்சு. பெத்தவ குடுக்கிறத யார் வேண்டாங்கிறா?" என்றார்.

இவர் கழுத்தில் மாலையோடு நின்றிருந்தார். சிரித்த முகம் அப்படியே நின்றுவிட்டது. மாலையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வீடு வந்தார். படியேறும்போது, "மாப்ளைக்கு எழுது. இன்னொரு தடவ போவோம்" என்றார்.

தம்பி பழைய கப்பலுக்கே திரும்பியிருந்தான். அடுத்த வருடம் போனோம். இந்தத் தடவை ஜெனோவாவின் வீடுகளை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. லிவோர்னோவில் ஏணி இறக்கிய உடனே இவர்தான் முதலில் இறங்கினார். நோட்டு இல்லை. விலாசம் கேட்காமலே சந்தைக் கண்டுபிடித்தார். கடையில் விறகடுப்பு இருந்தது, செம்புத் தட்டு இருந்தது. கல்லாவில் ஒரு நடுவயது ஆள். தம்பி கேட்டான். போன குளிர்காலத்தில் காலமாகிவிட்டாள் என்றார் அவர். காலுறைகளைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியவில்லை. எங்களைச் சாப்பிடச் சொன்னார். இவர் ஒரு துண்டு வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

நேப்பிள்ஸும் மெசினாவும் மறுபடி வந்தன. சிங்கம் கர்ஜித்ததாம். நாங்கள் கப்பலை விட்டு இறங்கவில்லை.

ஊர் திரும்பிய அதே வாரம் மடத்துக்குப் போனேன். தனியாகத்தான் போனேன், இவர் வரமாட்டேன் என்றுவிட்டார். கூடத்தில் உட்காரவைத்தார்கள். போட்டோவில் பார்த்த முகம், கொஞ்சம் வயதாகி, வந்தது. நம் ஊர் வெயிலில் சிவந்துபோன முகம். சுத்தமான தெலுங்கு பேசினார், எங்கள் பக்கத்து வீட்டு அம்மாளை விட நல்ல தெலுங்கு. நான் தெலுங்கிலேயே, லிவோர்னோவில் உங்கள் அம்மாவைப் பார்த்திருக்கிறேன் என்று ஆரம்பித்தேன். அவர் என் நெற்றியையே பார்த்தார்.

"மஞ்சள் புடவைக்காரம்மாவா?" என்றார்.

தலையை மட்டும் ஆட்டினேன். அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். "ஆரோக்யம் இப்புடு பாகுந்தா அம்மா?" என்றார். இப்போது உடம்பு நன்றாக இருக்கிறதா என்று கேட்கிறார்.

அவருடைய அம்மா அன்றைக்கே கடிதம் எழுதியிருக்கிறாள். அந்த அம்மாள் இறங்கி வரவில்லை, பாவம், கப்பல் மேல்தளத்தில் தலையை மூடிக்கொண்டு அப்படியே சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள், எழவே முடியவில்லை, கடல் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, ரொம்பக் கஷ்டப்படுகிறாள், அவளுக்காக நீ ஜெபம் செய் என்று. காலுறைகளைப் பற்றி ஒரு வரிதான். அடுத்த முறை பார்க்கலாம் என்று.

"தினமும் காலையில் உங்களுக்காக வேண்டிக்கொண்டேன்" என்றார் கன்னியாஸ்திரி. "ஒரு வருடம் போல. அப்புறம் வேறு நோயாளிகள், வேறு பெயர்கள் சேர்ந்துவிட்டன. விட்டுப்போயிற்று. என்னை மன்னிக்க வேண்டும்."

அவர் பாதம் என் கண்ணில் பட்டது. சாதாரண ரப்பர் செருப்பு.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். ஊரெல்லாம் பேசுகிற வாய் எனக்கு. எனக்கு ஒரு நோயும் இல்லை, பயத்தில் முகத்தை மூடினேன் என்று தெலுங்கில் சொல்ல நாலு வார்த்தை போதும். அவர் என் கையைத் தடவிக்கொண்டிருந்தார். மின்விசிறிக்கு நேராக உட்காருங்கள் என்று நாற்காலியை நகர்த்தினார். யாரையோ கூப்பிட்டு எலுமிச்சம்பழத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

"இப்போது நன்றாக இருக்கிறேன்மா" என்றேன். அவர் மன்னிப்புக்கும் "பரவாலேது" என்று சொல்லிவிட்டேன்.

பிறகு அவர் அம்மாவைப் பற்றிக் கேட்டார். கடை, கூடை, முந்தானையைத் தொட்டுப் பார்த்தது, நான் ஹவ் என்றது, எல்லாம் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார். முதல் நாளை மட்டும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தபோது இவர் வெளிக்கதவிலேயே நின்றிருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"என் உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டாங்க."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடிதத்தில் இருந்ததை அப்படியே சொன்னேன். கேட்டு முடித்து, வாசலில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, "நீ சொல்லிருக்கலாம்லா, பழிய எம் பேர்லயே போட்டுருக்கலாம்லா" என்றார்.

அப்படிப் போட்டால் அது பொய் என்று அவருக்கும் தெரியும். சமையலறைக்குப் போய் அரிசி களைந்தேன்.